வீட்டிலிருந்தே பட்டம்: அக்காவுக்கு ஒரு வழி, மாமாவுக்கு வேறு வழி

கேள்வி: என் அக்காவுக்கு 29 வயது. பிளஸ் டூ முடித்ததும் கல்யாணம் ஆகிவிட்டது. இரண்டு பிள்ளைகள், பகலில் தையல் வேலை. மாமா பத்தாம் வகுப்போடு நின்றவர். அவருக்கும் படிக்க ஆசை. இருவரும் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் சேரலாமா? அந்தப் பட்டம் அரசு வேலைக்குச் செல்லுமா? எப்படிச் சேர்வது, எப்படி முடிப்பது?

பதில்:

அக்கா அடுத்த சேர்க்கையிலேயே சேரலாம். பட்டம் செல்லும். மாமாவை அவசரப்பட்டு நேரே பட்டப்படிப்பில் சேர்த்துவிடாதீர்கள். அவர் முதலில் பிளஸ் டூவை முடிக்க வேண்டும். ஏன் என்பதைக் கீழே விளக்குகிறேன். இந்த ஒரு விஷயத்தில் ஏமாந்தவர்கள் தமிழ்நாட்டில் ஏராளம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். நம் ஊரில் எல்லாவற்றையும் "கரஸ்ல படிக்கிறேன்" என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். அஞ்சல்வழிக் கல்வி என்பது கல்லூரிகளை நடத்தும் பல்கலைக்கழகம் ஒன்று தன் பாடத்திட்டத்தை அச்சடித்து அனுப்பும் ஏற்பாடாகத் தொடங்கியது. இந்தியாவில் அதை 1962-ல் டெல்லிப் பல்கலைக்கழகம் ஆரம்பித்தது. திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் பிறப்பே வேறு. வகுப்பறைக்கு வர முடியாதவரை மனத்தில் வைத்தே பாடம், தேர்வு, கால அளவு எல்லாம் அமைக்கப்படுகின்றன. பிரிட்டனில் 1969-ல் ஓப்பன் யுனிவர்சிட்டி இப்படித்தான் தொடங்கியது. 1971 ஜனவரியில் தன் முதல் மாணவர்களைச் சேர்த்தபோது பள்ளி இறுதி மதிப்பெண்ணை அது கேட்கவில்லை. இங்கே 1982-ல் ஹைதராபாதில் முதல் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் வந்தது. இன்று அதற்கு அம்பேத்கர் பெயர். 1985-ல் நாடாளுமன்றச் சட்டத்தின் வழியே இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமான இக்னோ வந்தது. நம் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2002-ல், சென்னை சைதாப்பேட்டையில். இக்னோ 1987-ல் பாடம் நடத்தத் தொடங்கியபோது இருந்தவை இரண்டே டிப்ளமோ படிப்புகள். மாணவர்கள் 4,528 பேர். இன்று லட்சக்கணக்கில் படிக்கிறார்கள். சிறைக்குள் மையம் வைத்துக் கைதிகளுக்குக் கட்டணமில்லாமல் கற்பிக்கிறது. 2017-லிருந்து திருநங்கையருக்கும் திருநம்பியருக்கும் கட்டண விலக்கு தருகிறது. மேல்வயது வரம்பு இல்லை, கட்-ஆஃப் இல்லை. 29 வயதில் இரண்டு பிள்ளைகளோடு இருக்கும் உங்கள் அக்கா இந்த ஏற்பாட்டில் விதிவிலக்கு கிடையாது. அவரைப் போன்றவர்களுக்காகவே இது உண்டாக்கப்பட்டது.

இனி மதிப்பு. பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி.யின் 2020-ஆம் ஆண்டு தொலைநிலைக் கல்வி ஒழுங்குமுறைகளில் 22-ஆம் விதி ஒன்று உண்டு. அங்கீகரிக்கப்பட்ட நிறுவனம் திறந்தநிலை, ஆன்லைன் முறைகளில் தரும் இளநிலை, முதுநிலைப் பட்டங்கள் நேரடிக் கல்லூரிப் பட்டங்களுக்குச் சமம் என்று அது சொல்கிறது. 2022 செப்டம்பரில் யு.ஜி.சி. தனி அறிவிப்பாகவும் இதை வெளியிட்டது. "எந்தப் பட்டமானாலும் போதும்" என்று கேட்கும் வேலைகளுக்கு, வங்கித் தேர்வானாலும் டி.என்.பி.எஸ்.சி. குரூப் 2 ஆனாலும், இந்தப் பட்டத்தோடு விண்ணப்பிக்கலாம்.

ஆனால் "அங்கீகரிக்கப்பட்ட" என்ற சொல்லைச் சேர்க்கைக்கு முன்பே சோதித்துவிட வேண்டும். பல்கலைக்கழகத்தின் பெயர் பெரிதாக இருப்பது இதற்குப் போதாது. யு.ஜி.சி.யின் தொலைதூரக் கல்விப் பணியகம், எல்லோரும் டெப் என்று சொல்வார்களே, அதன் இணையதளத்தில் நான்கு விஷயங்களைப் பாருங்கள். பல்கலைக்கழகம் பட்டியலில் இருக்கிறதா? நீங்கள் சேரப்போகும் அதே படிப்பு அதன் பெயருக்கு நேரே இருக்கிறதா? நீங்கள் சேரும் பருவத்துக்கு, அதாவது அந்த ஆண்டின் ஜனவரிக்கோ ஜூலைக்கோ, அனுமதி இருக்கிறதா? அனுமதி தொலைநிலை முறைக்கா, ஆன்லைன் முறைக்கா? நான்கில் ஒன்று பொருந்தாவிட்டாலும் பணம் கட்டாதீர்கள். போன ஆண்டு அனுமதி இருந்த படிப்புக்கு இந்த ஆண்டு இல்லாமல் போவது உண்டு.

இன்னொரு எல்லையும் இருக்கிறது. மாநிலப் பல்கலைக்கழகம் தொலைநிலைப் படிப்பைத் தன் மாநிலத்துக்குள்தான் நடத்தலாம். வடமாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றின் "ஸ்டடி சென்டர்" என்று உங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்துக்கு மேல்மாடியில் பலகை தொங்கினால், அது என்ன சொன்னாலும் நம்ப வேண்டாம். இக்னோ மத்தியப் பல்கலைக்கழகம். அதற்கு இந்த எல்லை இல்லை. "மூணு வருஷ டிகிரியை ஒரே வருஷத்துல முடிச்சுத் தர்றோம்" என்பவர்கள் விற்பது பின்தேதியிட்ட காகிதம்.  இளநிலைப் பட்டத்தை ஒரே ஆண்டாகச் சுருக்க எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் உரிமையில்லை.

எல்லாப் படிப்பும் இந்த முறையில் கிடைக்காது என்பதையும் அக்காவிடம் சொல்லிவிடுங்கள். பொறியியல், மருத்துவம், நர்சிங், மருந்தியல், பிசியோதெரபி, கட்டடக்கலை, சட்டம், வேளாண்மை, ஓட்டல் மேலாண்மை ஆகியவற்றைத் தொலைநிலையில் நடத்த அனுமதியில்லை. 2025 ஜூலைச் சேர்க்கையிலிருந்து உளவியல், உணவு-ஊட்டச்சத்து போன்ற உடல்நலத் துறைப் படிப்புகளையும் யு.ஜி.சி. நிறுத்தச் சொல்லிவிட்டது. இவற்றில் ஒன்றை யாராவது "கரஸ்ல" தருவதாகச் சொன்னால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளலாம்.

மாமாவின் விஷயத்துக்கு வருகிறேன்.

பிளஸ் டூ இல்லாதவரும் பட்டப்படிப்பில் நுழைய இக்னோவில் ஒரு வழி இருக்கிறது. பி.பி.பி. என்னும் ஆயத்தப் படிப்பு அது. 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். கணிதம், சமூக அறிவியல், வணிகவியல் மூன்றில் இரண்டை எடுத்து ஆறு மாதம் படித்து, கொள்குறி வகைத் தேர்வு எழுதித் தேறினால் பி.ஏ., பி.காம். போன்றவற்றில் சேரலாம். தனக்காகப் படிக்க விரும்புகிறவருக்கும், கடையோ தொழிலோ வைத்திருப்பவருக்கும் இது நல்ல வாசல்தான். பல ஆண்டு பள்ளிப் பக்கமே போகாதவர் மறுபடி புத்தகத்தைத் தொட இதைவிட இணக்கமான ஏற்பாடு குறைவு.

சிக்கல் அதற்குப் பிறகு வருகிறது. பி.பி.பி. சான்றிதழ் பிளஸ் டூவுக்குச் சமம் ஆகாது. தமிழ்நாடு அரசு 2009-ல் போட்ட ஆணைப்படி, அரசுப் பணிக்குப் பட்டம் செல்ல வேண்டுமானால் பத்தாம் வகுப்பு, பிறகு பிளஸ் டூ, பிறகு மூன்றாண்டுப் பட்டம் என்ற வரிசையில் படித்திருக்க வேண்டும். டி.என்.பி.எஸ்.சி. அறிவிக்கைகளிலும் இந்த நிபந்தனையைப் பார்க்கலாம். அதே 2009-ல் உச்ச நீதிமன்றமும், இளநிலைப் பட்டம் இல்லாமல் திறந்தநிலை முறையில் நேரடியாக வாங்கிய முதுநிலைப் பட்டம் செல்லாது என்று தீர்ப்பளித்தது. பின்னாளில் மூன்றாண்டுச் சட்டப் படிப்பில் சேர நினைத்தாலும் பார் கவுன்சில் விதி குறுக்கே நிற்கும். அடிப்படைப் பள்ளிப் படிப்பு இல்லாமல் நேரடியாகத் திறந்தநிலையில் பெற்ற பட்டத்தை அது ஏற்பதில்லை. மூன்று நான்கு ஆண்டு உழைத்துப் பட்டம் வாங்கியபின், சான்றிதழ் சரிபார்ப்பு மேசையில் உட்கார்ந்து இதை முதன்முதலாகக் கேட்பது போன்ற வேதனை வேறில்லை. சேர்க்கை மையத்தில் இருப்பவர்கள் இதைத் தாமாகச் சொல்வதும் அரிது.

வரிசையும் முக்கியம். "பட்டத்தை முடித்துவிட்டுச் சாவகாசமாகப் பிளஸ் டூ எழுதிக்கொள்ளலாம்" என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். வரிசை மாறினால் மறுபடி அதே தடைதான். ஆகவே மாமா அரசு வேலையோ சட்டமோ மனத்தில் வைத்திருந்தால், தனித்தேர்வராகப் பிளஸ் டூ எழுதட்டும். அரசுத் தேர்வுகள் இயக்ககம் அறிவிப்பு வெளியிடும்போது மாவட்டத்தில் உள்ள சேவை மையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். செய்முறைத் தேர்வு இல்லாத பாடப்பிரிவாக, வரலாறு, பொருளியல், வணிகவியல் என்று எடுத்துக்கொண்டால் வேலையோடு சேர்த்துப் படிக்க முடியும். ஓரிரு ஆண்டு கூடுதலாகப் போகும். போகட்டும், அந்த ஓரிரு ஆண்டுதான் பின்னால் வாங்கும் பட்டத்தைப் பயனுள்ளதாக்குகிறது. வேலை நோக்கமே இல்லை, படிக்கும் ஆசை மட்டும்தான் என்றால் பி.பி.பி.யில் தாராளமாகச் சேரலாம்.

அக்கா எங்கே சேர்வது? இதை மொழியை வைத்து முடிவு செய்யச் சொல்வேன். இக்னோவின் பாடநூல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் இருக்கின்றன. தமிழ்வழியில் பிளஸ் டூ முடித்துப் பத்து ஆண்டு கடந்தவர் கையில் ஆங்கிலத்தில் அரசியல் கோட்பாட்டைக் கொடுத்தால் முதல் மாதத்திலேயே புத்தகம் மூடிக்கொள்ளும். அவர் தன் அறிவையே சந்தேகிக்க ஆரம்பிப்பார். தடையாக இருப்பது மொழி மட்டும்தான் என்பது அவருக்குத் தெரியாது. தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்வழிப் பாடநூல்களும் தமிழில் தேர்வு எழுதும் வாய்ப்பும் உள்ளன. பி.ஏ. வரலாறோ, தமிழோ, பி.காம்.மோ தமிழில் படித்து எழுதலாம். ஆங்கிலத்தில் ஓரளவு வாசிக்க முடிகிறவருக்கு, அல்லது வேலை நிமித்தம் வெளிமாநிலம் போக வாய்ப்புள்ள குடும்பத்துக்கு, இக்னோ வசதி. நாட்டில் எங்கே போனாலும் மண்டல மையமும் தேர்வு மையமும் கிடைக்கும். தமிழ்நாட்டில் சென்னையிலும் மதுரையிலும் அதற்கு மண்டல மையங்கள் உள்ளன.

இடையில் ஒன்று. இந்தப் பதிலைப் படிப்பவர் வீட்டில் இப்போதுதான் பிளஸ் டூ முடித்த பெண் இருந்தால், பக்கத்தில் அரசுக் கல்லூரியும் இருந்தால், அவரைக் கல்லூரிக்கே அனுப்புங்கள். அரசுப் பள்ளியில் படித்த மாணவிகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் கிடைக்கும் மாதம் 1,000 ரூபாய் தொலைதூரக் கல்வியில் சேர்ந்தால் கிடையாது. நூலகம், நண்பர்கள், ஆசிரியர் எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும் வயது அது. கல்லூரிக்குப் போக முடிந்த பெண்ணை "வீட்டிலேயே இருந்து படிக்கட்டும்" என்று நிறுத்தி வைப்பதற்குத் திறந்தநிலைக் கல்வி சாக்காகிவிடக் கூடாது.

விண்ணப்பத்தில் எங்கே கோளாறு வரும் என்று சொல்கிறேன். 2024 ஜூலைப் பருவத்திலிருந்து தொலைநிலைப் படிப்பில் சேருகிற ஒவ்வொருவருக்கும் டெப் ஐடி, அதாவது டெப் தளத்தில் பதிந்து பெறும் எண், வேண்டும். அதற்கு முன்னால், மாணவர் படித்துத் தேறியதைக் கணக்கு வைக்கும் எண்ணான ஏ.பி.சி. ஐடி வேண்டும், அதை டிஜிலாக்கர் வழியாக ஆதாரைக் கொண்டு உருவாக்க வேண்டும். ஆதார், டிஜிலாக்கர், ஏ.பி.சி., டெப், கடைசியில் பல்கலைக்கழக விண்ணப்பம் என்பது வரிசை. நடுவில் ஒன்று தடைப்பட்டாலும் அடுத்ததற்குப் போக முடியாது.

பெரும்பாலும் தடைப்படுவது பெயரில்தான். நம் வழக்கப்படி பத்தாம் வகுப்புச் சான்றிதழில் "க. செல்வி" என்று இருக்கும். ஆதாரில் "செல்வி கந்தசாமி" என்றோ, கல்யாணத்துக்குப் பிறகு மாற்றி "செல்வி முருகன்" என்றோ இருக்கும். கணினிக்கு இவர்கள் மூன்று பேர். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ள பெயரையும் பிறந்த தேதியையும் அடிப்படையாக வைத்து ஆதாரை அதற்கேற்பத் திருத்திக்கொள்ளுங்கள். இனிஷியல் முன்னால் வருகிறதா பின்னால் வருகிறதா என்பதுவரை பாருங்கள். ஆதார் திருத்தத்துக்கு நாள் பிடிக்கும் என்பதால், சேர்க்கை அறிவிப்பு வரும்வரை காத்திருக்காமல் ஒரு மாதம் முன்பே இதைச் செய்து வைப்பது நல்லது. கல்யாணத்துக்குப் பிறகு கணவர் பெயரைச் சேர்த்துக்கொண்ட பெண்கள்தான் இதில் அதிகம் அலைகிறார்கள்.

அடுத்தது கைப்பேசி எண். பிரவுசிங் சென்டரில் போய் விண்ணப்பிக்கும்போது அங்கிருப்பவர் அவசரத்தில் தன் எண்ணையும் தன் மின்னஞ்சலையும் போட்டுவிடுவார். அப்புறம் வரும் ஓ.டி.பி., தேர்வு அறிவிப்பு, கடவுச்சொல் மாற்றம் எல்லாம் அவருக்குப் போகும். அக்காவின் சொந்த எண், சொந்த மின்னஞ்சல்தான் கொடுக்கப்பட வேண்டும். அடுத்த ஐந்தாறு ஆண்டுக்கு மாறாத எண்ணாகவும் இருக்கட்டும். கடவுச்சொல்லை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பாடத்தேர்வுப் பக்கத்தில் மையத்துக்காரர் தனக்குத் தெரிந்ததை அழுத்திவிடாமல், எந்தெந்தத் தாள்கள் என்று முன்கூட்டியே எழுதிக்கொண்டு போக வேண்டும். கணினி, அறிவியல் சார்ந்த பாடங்களுக்குச் செய்முறை வகுப்பில் நேரில் கலந்துகொள்வது கட்டாயம். தையல் வேலையில் விடுப்பு கிடைக்காதென்றால் அவற்றைத் தவிர்க்கலாம். பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் இக்னோ சில படிப்புகளில் கட்டண விலக்குத் தருகிறது. அது விண்ணப்பிக்கும்போதே கேட்டுப் பெற வேண்டியது; சாதிச் சான்றிதழைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

சேர்ந்தாகிவிட்டது. இனிமேல்தான் பலர் நழுவுகிறார்கள். பாடம் கடினமாக இருந்து நழுவுபவர்களைவிட, தேதி தெரியாமல் நழுவுபவர்கள்தான் அதிகம்.

நேரக் கணக்கைப் பார்ப்போம். ஒரு கிரெடிட் என்றால் 30 மணி நேர உழைப்பு. இப்போதைய மூன்றாண்டுப் பட்டத்துக்கு 120 கிரெடிட், ஆக 3,600 மணி நேரம். மூன்றே ஆண்டில் முடிக்க வாரம் 23 மணி நேரம் வேண்டும். தையல், சமையல், பிள்ளைகள் என்று இருப்பவருக்கு அது நடக்காத காரியம். ஐந்து ஆண்டாகப் பிரித்தால் வாரம் 14 மணி. தினமும் இரண்டு மணி நேரம். இக்னோவில் மூன்றாண்டுப் பட்டத்தை முடிக்க ஆறு ஆண்டு வரை அவகாசம் உண்டு. "மூன்று வருடத்தில் முடிக்கவில்லையே" என்ற வருத்தம் தேவையே இல்லை. கூடுதல் அவகாசம் இந்த ஏற்பாட்டின் ஒரு பகுதி. முதல் நாளிலேயே நான்கோ ஐந்தோ ஆண்டு என்று வீட்டில் பேசி முடிவெடுத்துவிட்டால், முதல் ஆண்டில் இரண்டு தாள் நின்றுபோனாலும் மனம் தளராது.

நேரடி வகுப்பு மொத்த நேரத்தில் பத்தில் ஒரு பங்குதான். ஆறு கிரெடிட் பாடத்துக்கு 180 மணி நேரம் என்றால், வகுப்பு 18 மணி நேரம் இருக்கும். பெரும்பாலும் சனி, ஞாயிறு. அங்கே பாடம் முதலிலிருந்து நடத்த மாட்டார்கள். சந்தேகம் தீர்க்கும் வகுப்பு அது. படிக்காமல் போனால் ஒன்றும் பிடிபடாது. எனவே வகுப்புக்கு முன் இரண்டு அலகாவது வாசித்து, புரியாத இடத்தில் கோடிட்டுக்கொண்டு போகச் சொல்லுங்கள். பாடநூலே ஆசிரியராக எழுதப்பட்டிருக்கும்: ஒவ்வொரு அலகின் தொடக்கத்தில் நோக்கங்கள், நடுநடுவே தன்னைத் தானே சோதிக்கும் கேள்விகள், எழுதக் காலி இடம், கடைசியில் விடைக் குறிப்பு. அந்தக் காலி இடத்தைத் தாண்டிப் போகாமல் பென்சிலால் எழுதினாலே பாதித் தேர்வுத் தயாரிப்பு முடிந்துவிடும்.

புத்தகம் தபாலில் தாமதமாகத்தான் வரும். சேர்ந்த பிறகு சில மாதம் யாரும் கூப்பிட மாட்டார்கள், கடிதமும் வராது. "ஒன்றும் வரலையே" என்று காத்திருக்கும் அந்த மாதங்களில்தான், வீட்டில் எழுதி ஒப்படைக்க வேண்டிய அசைன்மெண்ட்டின் தேதி கடந்துபோகிறது. இக்னோவின் பாடநூல்கள் எல்லாம் ஈ-ஞான்கோஷ் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன; இறக்கிக்கொள்ள மாணவராக இருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. சேருவதற்கு முன்பே ஒரு அலகை அக்கா வாசித்துப் பார்க்கலாம். மொழி ஒத்துவருமா என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

அசைன்மெண்ட்டைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதை அலட்சியப்படுத்துவதால்தான் பலர் பட்டத்தை இழக்கிறார்கள். யு.ஜி.சி. விதிப்படி அகமதிப்பீட்டுக்கு, அதாவது அசைன்மெண்ட் போன்றவற்றுக்கு, அதிகபட்சம் 30 விழுக்காடு, பருவ இறுதித் தேர்வுக்குக் குறைந்தது 70 விழுக்காடு. இக்னோவில் பெரும்பாலான பட்டப்படிப்புகளுக்கு இந்த 30, 70 கணக்குதான். அசைன்மெண்ட்டில் 80, தேர்வில் 50 வாங்கினால் 24-ம் 35-ம் சேர்ந்து 59 ஆகிறது. அசைன்மெண்ட்டைக் கடமைக்கு எழுதி 45 வாங்கினால், அதே தேர்வு மதிப்பெண்ணோடு 48.5-தான். வீட்டில் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதும் தாளில் பத்து மதிப்பெண்ணை விடுவது நியாயமா? தவிர, இரண்டிலும் தனித்தனியே தேற வேண்டும். இளநிலையில் 35 விழுக்காடு. தேர்வில் 90 வாங்கியிருந்தாலும் அசைன்மெண்ட் கொடுக்காத தாள் "முடிக்கவில்லை" என்றே மதிப்பெண் பட்டியலில் நிற்கும்.

கேள்விகள் ஆண்டுதோறும் மாறும். போன ஆண்டுக் கேள்விக்கு எழுதிய விடையைக் கொடுத்தால் ஏற்க மாட்டார்கள். தன் பருவத்துக்கு உரிய கேள்வித்தாளைத் தளத்திலிருந்து இறக்கி, முதல் பக்கத்தில் பதிவு எண், படிப்புக் குறியீடு, பாடக் குறியீடு, கல்வி மையக் குறியீடு எழுதி, சொந்தக் கையெழுத்தில் ஏ4 தாளில் எழுத வேண்டும். எழுதிக் கொடுக்கவும், தயார் விடைகளை விற்கவும் ஆட்கள் இருக்கிறார்கள். பத்துப் பேர் ஒரே விடையைக் கொடுத்தால் திருத்துபவருக்குத் தெரியாமலா போகும்? கொடுக்கும் முன் ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுத்து வையுங்கள். கொடுத்ததற்கு முத்திரையிட்ட ரசீது வாங்குங்கள், இணையவழி என்றால் ஒப்புகையைச் சேமியுங்கள். "கொடுத்தேன், மார்க் ஏறவில்லை" என்பதுதான் மாணவர்களிடம் அதிகம் கேட்கும் புகார். ரசீது இருந்தால் கல்வி மையத்தையும், பிறகு மண்டல மையத்தையும் அணுகி ஏற்றிவிடலாம். இல்லாவிட்டால் மறுபடி எழுத வேண்டியதுதான்.

தேர்வுக்குத் தனி விண்ணப்பம், தனிக் கட்டணம். சேர்க்கைக் கட்டணத்தில் அது அடங்காது. ஜூன் தேர்வு, டிசம்பர் தேர்வு என்று ஆண்டுக்கு இரண்டு வாய்ப்பு. ஒவ்வொன்றுக்கும் சில மாதம் முன்பே விண்ணப்பத் தேதி முடிந்துவிடும். எத்தனை தாள் எழுதுவது என்பது அவர் விருப்பம். முதல் முறை இரண்டு அல்லது மூன்று தாள் மட்டும் எழுதச் சொல்லுங்கள். பல ஆண்டு கழித்து மூன்று மணி நேரம் தொடர்ந்து பேனா பிடிப்பதற்கே கை பழக வேண்டும். பழைய கேள்வித்தாள்கள் தளத்தில் இருக்கின்றன. ஐந்து ஆண்டுத் தாள்களைப் பார்த்தால் எந்த அலகிலிருந்து கேள்வி வருகிறது என்பது புலப்படும். அவற்றில் இரண்டையாவது கடிகாரம் வைத்து வீட்டில் எழுதிப் பார்க்க வேண்டும்.

அடுத்து மறுபதிவு. இரண்டாம் ஆண்டுக்குப் பணம் கட்டிப் பதிவு செய்துகொள்வதுதான் அது. முதல் ஆண்டில் தேறியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை இக்னோவில் இல்லை. ஒரு தாள்கூட எழுதாதவரும் மறுபதிவு செய்யலாம். இது தெரியாமல் "ரிசல்ட் வரட்டும்" என்று காத்திருக்கிறார்கள்; ரிசல்ட் வருவதற்குள் மறுபதிவுத் தேதி முடிந்து, ஒரு பருவமோ ஓர் ஆண்டோ வீணாகிவிடுகிறது. ஜூலையில் சேர்ந்தவர் அடுத்த மே மாதத்திலிருந்தே தளத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்துக்கு அதன் கையேட்டில் உள்ள தேதிகளையும் விதிகளையும் பின்பற்றுங்கள்.

இதையெல்லாம் அக்கா ஒருவரே தலையில் சுமக்க வேண்டியதில்லை. கேள்வி கேட்ட நீங்கள் செய்யக்கூடிய பெரிய உதவி ஒன்று இருக்கிறது. மாதம் ஒரு முறை, முதல் ஞாயிற்றுக்கிழமை என்று வைத்துக்கொள்ளுங்கள், பல்கலைக்கழகத் தளத்தைத் திறந்து அறிவிப்புகளைப் பார்த்து, நான்கு தேதிகளைச் சமையலறைக் காலண்டரில் எழுதி வையுங்கள்: அசைன்மெண்ட் கடைசி நாள், தேர்வு விண்ணப்பக் கடைசி நாள், மறுபதிவுக் கடைசி நாள், தேர்வு தொடங்கும் நாள். வீட்டில் தேர்வு வாரத்தில் பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்வது என்பதையும் தேர்வு அட்டவணை வந்த அன்றே பேசிவிடுங்கள். பெண்கள் தேர்வுக்கு வராமல் போவது பெரும்பாலும் அன்று வீட்டில் ஆள் இல்லாததால்தான். தினமும் அந்த இரண்டு மணி நேரம் எப்போது என்பதையும் குடும்பம் சேர்ந்து தீர்மானிக்க வேண்டும். மீந்த நேரத்தில் படிக்கலாம் என்று விட்டால் நேரம் மிஞ்சவே மிஞ்சாது.

ஒருவேளை நடுவில் பிரசவமோ, நோயோ, இடமாற்றமோ வந்து ஓர் ஆண்டு நின்றுபோனால், தேறிய தாள்கள் எங்கும் போகாது. அவகாசத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் மீதியைத் தொடரலாம். ஆறு ஆண்டும் முடிந்துவிட்டால் மீதமுள்ள தாள்களுக்கு மட்டும் அதற்கேற்ற கட்டணம் கட்டி மறுசேர்க்கை பெற இக்னோவில் வழி உண்டு. பதிவு எண் எழுதிய அட்டை, கட்டண ரசீதுகள், அசைன்மெண்ட் ரசீதுகள், ஹால் டிக்கெட்டுகள் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் போட்டுப் பட்டம் கைக்கு வரும்வரை வைத்திருக்கச் சொல்லுங்கள்.